நாலு பெட்டி கேட்டால் நாலு பெட்டி வேண்டும் என்று அர்த்தமில்லை

2025 செப்டம்பர் 3 இரவு ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டம் முடிந்து அறிவிப்பு வந்தது. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதம். 22-ஆம் தேதி முதல் அமல். நடுவில் இருந்தது 18 நாள். அந்த 18 நாளுக்கான ஏஜென்சி பில்களை மட்டும் ஒருவர் எடுத்துப் பார்த்தால், ஊரில் பாதிப் பேர் பல் தேய்ப்பதையும் குளிப்பதையும் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். 18 போட்டு வாங்கி வைத்துவிட்டு 5 போட்டு விற்க யாருக்கு மனசு வரும்? கடைக்காரர் சரக்கு எடுக்கவில்லை. அவர் எடுக்காததால் டிஸ்ட்ரிபியூட்டர் எடுக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் எடுக்காததால் கம்பெனி டெப்போவில் சரக்கு நின்றது. அந்தக் காலாண்டு விற்பனை இதனால் அடிவாங்கியது என்று பெரிய நுகர்பொருள் கம்பெனிகளே முதலீட்டாளர்களிடம் சொல்ல வேண்டி வந்தது. குளியலறையிலோ வழக்கம்போல ஒரு சோப்பு கரைந்து அடுத்தது பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

வரி மாறியதால் நடந்த ஒருமுறைச் சமாச்சாரம் என்று இதைத் தள்ளிவிடலாம். என்னால் தள்ள முடியவில்லை. இதே கூத்து சிறிய அளவில் ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதிக்கு மேல் நடக்கிறது. தீபாவளிக்கு முன்னும் பின்னும் நடக்கிறது. ஒரு சரக்கு நாலு நாள் கிடைக்காமல் போனாலும் நடக்கிறது. கடைக்கும் கம்பெனிக்கும் நடுவே தகவல் ஓடுகிறது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் ஓடுவது ஆர்டர்தான். ஆர்டரைத் தகவல் என்று எடுத்துக்கொள்வதில்தான் பிசகு தொடங்குகிறது. கடைக்காரரின் பயம், கையிருப்புப் பணம், பழைய பாக்கி, ஓடிக்கொண்டிருக்கும் தள்ளுபடி ஸ்கீம், வாசலில் நிற்கும் சேல்ஸ்மேனின் கெஞ்சல், இத்தனையும் சேர்த்துப் பிசைந்து கடைசியில் பெட்டிக் கணக்கில் முழுதாக்கிய ஒரு எண் அது. அந்த எண்ணுக்குள் வாடிக்கையாளரும் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறார், அவ்வளவுதான்.

சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்கள் எல்லோரும் தகவலைப் பகிருங்கள், சப்ளை செயின், அதாவது ஃபேக்டரியிலிருந்து கடை வரை சரக்கு வரும் வழி, சீராகிவிடும் என்கிறார்கள். எந்தத் தகவலை என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அந்த ஒரு கேள்வியை மட்டும் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பத்து கூடினால் 370

காகிதத்தில் போட்டுப் பார்த்தால்தான் இது உறைக்கும். ஒரு கடையில் ஒரு சோப்பு வாரம் 100 விற்கிறது. கடைக்காரர் எப்போதும் இரண்டு வார விற்பனை அளவுக்குச் சரக்கு வைத்திருப்பார், அதாவது 200. டிஸ்ட்ரிபியூட்டரும் அப்படியே, தன்னிடம் வரும் ஆர்டரைப் போல இரண்டு மடங்கு வைத்திருப்பார். கம்பெனி டெப்போவும் அப்படியே. யாரும் முட்டாள் இல்லை, யாருக்கும் பேராசை இல்லை. ஒரு வாரம் விற்பனை 110 ஆகிறது. கடைக்காரர் விற்ற 110-ஐ ஈடுகட்ட வேண்டும், இருப்பையும் 200-லிருந்து 220 ஆக்க வேண்டும், ஆர்டர் 130. டிஸ்ட்ரிபியூட்டர் கண்ணுக்கு 100 ஆக இருந்தது 130 ஆகிவிட்டது. அவர் 130-ஐ ஈடுகட்டி, இருப்பை 200-லிருந்து 260 ஆக்க 60 சேர்த்து 190 கேட்கிறார். டெப்போவுக்கு 100 என்பது 190. அது 190-உடன் இருப்பை உயர்த்த இன்னொரு 180 சேர்த்து ஃபேக்டரியிடம் 370 கேட்கிறது. அலமாரியில் கூடியது பத்தே சோப்பு.

அடுத்த வாரம் விற்பனை அதே 110. கடை ஆர்டர் 110. டிஸ்ட்ரிபியூட்டருக்கு இது 130-லிருந்து இறக்கம். இருப்பைக் குறைத்துக்கொண்டு 70 மட்டும் கேட்கிறார். டெப்போ 190-லிருந்து 70-க்கு விழுந்ததைப் பார்த்து ஒன்றுமே கேட்பதில்லை. கேட்காதது மட்டுமல்ல, 170 சோப்பு கூடுதலாகக் கிடக்கிறது. அதற்கடுத்த வாரம் ஃபேக்டரிக்குப் போகும் ஆர்டர் வெறும் 20. ஆக அலமாரியில் 100, 110, 110, 110 என்று ஓடிய சரக்குக்கு ஃபேக்டரி பார்த்தது 100, 370, 0, 20. ஓவர்டைம் போட்டு ஓட்டிய லைனை மறுவாரம் நிறுத்த வேண்டும். இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். கைப்பிடியில் லேசாக அசைத்தால் நுனியில் சுழன்று அடிக்கிறதே, அதுதான். பிராக்டர் அண்டு கேம்பிள் கம்பெனிக்காரர்கள் தங்கள் டயப்பர் ஆர்டர்களைப் பார்த்து வைத்த பெயர். குழந்தைகள் எந்நாளும் ஒரே அளவில்தான் நனைக்கின்றன, ஆர்டர் மட்டும் ஏன் இப்படித் துள்ளுகிறது என்று குழம்பியிருக்கிறார்கள். 1997-ல் ஹாவ் லீ, பத்மநாபன், சுங்ஜின் வாங் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதன் காரணங்களை நான்காகப் பிரித்துக் காட்டினார்கள். ஆர்டரை வைத்தே தேவையைக் கணிப்பது, சேர்த்து வைத்து மொத்தமாக ஆர்டர் போடுவது, விலை ஏறி இறங்குவது, தட்டுப்பாட்டில் கூட்டிக் கேட்பது. நான்கிலும் சம்பந்தப்பட்ட ஆள் தன் இடத்தில் சரியாகவே நடந்துகொள்கிறார் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

இப்போது அதே கணக்கில் ஒரே ஒரு மாற்றம். கடையில் விற்றது 110 என்ற எண் அன்றைக்கே டிஸ்ட்ரிபியூட்டருக்கும் டெப்போவுக்கும் தெரிகிறது. அவர்கள் தங்கள் இருப்பை ஆர்டரை வைத்துத் தீர்மானிக்காமல் அந்த விற்பனையை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். கடை ஆர்டர் 130. டிஸ்ட்ரிபியூட்டர் 130-உடன் 20 சேர்த்து 150. டெப்போ 170. மறுவாரமே எல்லாருக்கும் 110. 370 என்ற இடத்தில் 170 நிற்கிறது. நல்ல சேமிப்பு. ஆனால் கவனியுங்கள், 110 ஆகவில்லை. தகவல் பகிர்ந்தாலும் சாட்டை அடங்கிவிடாது, வீச்சுதான் குறையும். மீதியைக் குறைக்க வேண்டுமானால் அந்த இரண்டு வாரத்தைத் தொட வேண்டும். சரக்கு விரைவாக, அடிக்கடி வந்து இருப்பு ஒரு வாரமாகக் குறைந்தால் அதே கணக்கு 120, 130, 140. பகிர்வு ஒரு கை, லாரி இன்னொரு கை. டேஷ்போர்டு வாங்கிவிட்டு வாரம் ஒரே தடவை டெலிவரி தருகிற கம்பெனிகள் இதை ஏனோ மறந்துவிடுகின்றன.

மாதக் கடைசி என்னும் பண்டிகை

நம் ஊர் நுகர்பொருள் வியாபாரத்தில் இரண்டு விற்பனை உண்டு. கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு பில் போட்டால் பிரைமரி. டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்கு பில் போட்டால் செகண்டரி. கடைக்காரர் வாடிக்கையாளருக்கு விற்பது மூன்றாவது. அதற்கு டெர்ஷியரி என்று பெயர் உண்டு, ஆனால் பேச்சில் அது அதிகம் அடிபடுவதில்லை. ஏனென்றால் அதை வைத்து இன்சென்டிவ் கொடுப்பது அபூர்வம்.

பிரைமரியை வைத்து டார்கெட் வைத்த காலத்தில் 28, 29, 30 தேதிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் கோடவுனில் சரக்கைக் கொண்டுவந்து திணிப்பார்கள். அடுத்த மாதம் முதல் பத்து நாள் கம்பெனிக்கு விற்பனையே இருக்காது. இதைச் சரிசெய்கிறோம் என்று பல கம்பெனிகள் டார்கெட்டைச் செகண்டரிக்கு மாற்றின. டிஸ்ட்ரிபியூட்டரின் கம்ப்யூட்டரையே தங்கள் சர்வரோடு இணைத்தன. இந்துஸ்தான் லீவர் 2001 வாக்கிலேயே ஆர்.எஸ். நெட் என்ற பெயரில் தன் ஸ்டாக்கிஸ்டுகளை, அதாவது டிஸ்ட்ரிபியூட்டர்களை, இணையத்தில் இணைக்கத் தொடங்கியது. நியாயமான நகர்வுதான். கடைக்குப் போன பில் உண்மைக்கு ஒரு படி பக்கம். ஆனால் எந்த எண்ணுக்குப் பரிசு கொடுக்கிறோமோ அந்த எண் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். “அண்ணாச்சி, மாசக் கடைசி, ஒரு நாலு பெட்டி போட்டுக்கிடுதேன், ரெண்டாம் தேதி ரிட்டர்ன் எடுத்துக்கிடலாம்” என்று சேல்ஸ்மேன் கேட்பார். அண்ணாச்சி தலையாட்டுவார், அல்லது அவருக்குத் தெரியாமலே பில் விழும். சரக்கு கோடவுனை விட்டு நகர்ந்திருக்காது. 2-ஆம் தேதி அதே நாலு பெட்டி சேல்ஸ் ரிட்டர்ன். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் கணிப்பு மென்பொருள் இந்த நாலு பெட்டியை மனப்பூர்வமாக நம்பி அடுத்த மாதத்துக்குத் திட்டம் போடும்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. மாதத்தின் கடைசி மூன்று நாள் செகண்டரியையும் அடுத்த மாத முதல் ஐந்து நாள் ரிட்டர்னையும் கடைவாரியாக ஒட்டிப் பார்த்தால் போதும். ஒரே கடை, ஒரே சரக்கு, ஒரே அளவு, ஒன்று கூட்டல் ஒன்று கழித்தல் என்று ஜோடி ஜோடியாக வந்து நிற்கும். அவற்றைக் கழித்துவிட்ட பிறகு வரும் விற்பனையைத்தான் கணிப்புக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அப்படிக் கழித்தால் ஏரியா மேனேஜரின் மாதக் கணக்கு இடிக்கும். எனவே கழிக்க மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய யாரும் 2023 ஆகஸ்ட் 1 முதல் பிற வியாபாரிகளுக்குப் போடும் ஒவ்வொரு பில்லையும் இ-இன்வாய்ஸாக அரசு போர்ட்டலில் பதிய வேண்டும். வாங்கியவர் கணக்கில் அது தானாக வந்து நிற்கும். ஆக, கடைக்கும் கம்பெனிக்கும் நடுவே இவ்வளவு துல்லியமான தகவல் பரிமாற்றம் இந்திய வரலாற்றிலேயே நடந்ததில்லை. ஆனால் அத்தனையும் பில். பில் போட்ட சரக்கு அலமாரியில் இருக்கிறதா, பெஞ்சுக்கு அடியில் இருக்கிறதா, எலி கடித்துக் கிடக்கிறதா என்பது போர்ட்டலுக்குத் தெரியாது.

பார்மாவில் கேட்டது

இந்தச் சிக்கலில் என் பார்வையைத் திருப்பிய ஒரு நிகழ்வு உண்டு. நடந்தது இத்தாலியில், 1980-களின் கடைசியில். பார்மா நகரில் 1877-ல் தொடங்கிய பரில்லா, பாஸ்தா செய்யும் கம்பெனி. இத்தாலிக்காரர்கள் வாரம் தவறாமல் பாஸ்தா சாப்பிடுகிறவர்கள். நம் வீட்டு அரிசி மாதிரி. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர்களிடமிருந்து வாரம் ஒருமுறை வரும் ஆர்டர் தலைகால் புரியாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காரணம் பரில்லாவே செய்துகொண்டதுதான். சில வாரங்களுக்கு ஒருமுறை மாறும் தள்ளுபடி, லாரி நிறைய எடுத்தால் தனித் தள்ளுபடி, அளவுக்கேற்ற கமிஷன். தள்ளுபடி ஓடும்போது அள்ளிக்கொள்வது, முடிந்ததும் கையைக் கட்டிக்கொள்வது. மாவு பிசைந்து காய வைக்கும் வேலை இந்தத் துள்ளலுக்கு ஈடுகொடுக்காது. பாஸ்தாவை உலர்த்தும் சூளையின் வெப்பத்தையும் ஈரத்தையும் துல்லியமாகக் காக்க வேண்டும், வகை மாற்றும் வரிசையைக் கண்டபடி குலைக்க முடியாது.

லாஜிஸ்டிக்ஸ் பொறுப்பிலிருந்த பிராண்டோ விட்டாலி முன்வைத்த யோசனை எளிமையானது, ஆனால் எல்லோரையும் கோபப்படுத்தியது. இனி நீங்கள் ஆர்டர் போடாதீர்கள். உங்களிடமிருந்து தினமும் என்ன வெளியே போனது, என்ன மிச்சம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். எவ்வளவு அனுப்புவது என்பதை நாங்கள் தீர்மானிக்கிறோம். டிஸ்ட்ரிபியூட்டர்கள் ஒப்பவில்லை. சரக்கு வாங்குவதுதான் எங்கள் தொழிலே, எங்கள் கோடவுனுக்குள் நீ எதற்கு எட்டிப் பார்க்கிறாய் என்பது அவர்கள் கட்சி. அதைவிடப் பெரிய எதிர்ப்பு பரில்லாவின் சொந்த விற்பனைப் பிரிவிலிருந்து வந்தது. ஆர்டர் வாங்குவது வேலை என்றால், ஆர்டரே இல்லாத உலகத்தில் நமக்கு என்ன வேலை? தள்ளுபடி கொடுத்துத் தள்ள முடியாவிட்டால் டார்கெட் எப்படி? அதனால் விட்டாலிக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த ஜியோர்ஜியோ மஜ்ஜியாலியின் ஆட்கள் முதலில் தங்கள் சொந்த டெப்போக்களில் செய்து காட்டினார்கள். சரக்கு இருப்பும் குறைந்தது, தட்டுப்பாடும் குறைந்தது. ஒன்று குறைந்தால் மற்றது ஏறும் என்றுதான் எல்லோரும் படித்திருந்தார்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெளி டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் போனபோதுதான் கதவு திறந்தது.

பல வருஷமாக எல்லோரும் ஆர்டரை இன்னும் சரியாக, இன்னும் சீக்கிரமாக வாங்குவது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, ஆர்டரே வேண்டாம் என்று ஒருவர் சொன்னதுதான் எனக்குத் திருப்பம். அவர்கள் டிஸ்ட்ரிபியூட்டரிடம் தினமும் கேட்டவற்றைப் பாருங்கள். ஒவ்வொரு வகைக்கும் இன்றைய இருப்பு; நேற்று வெளியே போன அளவு; கேட்டும் இல்லாமல் போனது எவ்வளவு; வரப்போகும் ஆஃபருக்காக முன்கூட்டி எவ்வளவு வேண்டும்; எந்த அளவுப் பெட்டியில் வேண்டும். இதில் மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. இல்லாமல் போனதையும் கேட்டார்கள். விற்றதை மட்டும் பார்க்கிறவனுக்கு, விற்காததற்குக் காரணம் ஆள் வராததா சரக்கு இல்லாததா என்பது என்றைக்கும் தெரியாது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவில் வால்மார்ட்டும் பிராக்டர் அண்டு கேம்பிளும் இதே வழிக்கு வந்தன. 1987-ல் வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டனும் பிராக்டர் அண்டு கேம்பிளின் லூ பிரிட்செட்டும் ஆர்கன்சாவில் சேர்ந்து படகு விட்டுக்கொண்டே பேசியது அந்த வட்டாரத்தில் புராணம் மாதிரி சொல்லப்படும். 1991-ல் வால்மார்ட் தன் கடை விற்பனையைச் சப்ளையர்களுக்குத் திறந்துவிட்ட ரீடெய்ல் லிங்க் வந்தது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், விடுங்கள்.

பேனா கை மாறினால்

கடையின் ஆர்டரைச் சப்ளையரே எழுதுவது என்று வந்துவிட்டால் கணக்கு இப்படி ஓடும். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ஷாம்பு பாட்டில் நாளுக்குச் சராசரி 18 விற்கிறது. சரக்கு வந்து சேர 3 நாள், இரண்டு நாளுக்கு ஒருமுறை இருப்பைப் பார்ப்பது, எதற்கும் இருக்கட்டும் என்று பாதுகாப்பு இருப்பாக 4 நாள். மொத்தம் 9 நாளுக்கு 162. கையில் 60 இருக்கிறது. வழியில் 48 வந்துகொண்டிருக்கிறது. 162-லிருந்து இரண்டையும் கழித்தால் 54. பெட்டிக்கு 48 என்றால் ஒரு பெட்டி அனுப்பலாம். மீதி ஆறைப் பாதுகாப்பு இருப்பு தாங்கிக்கொள்ளும். இவ்வளவுதான் சூத்திரம். பிழைகளெல்லாம் இதற்குள் போகும் எண்களில் இருக்கின்றன.

முதல் பிழை, வழியில் வருவதை மறப்பது. அந்த 48-ஐ விட்டுவிட்டால் தேவை 102 ஆகிவிடும். மேல்நோக்கி முழுதாக்குகிற சிஸ்டம் மூன்று பெட்டி அனுப்பிவிடும். லாரி கிளம்பியதும் சப்ளையர் அனுப்பும் முன்தகவல் கடையின் சிஸ்டத்தில் ஏறினால்தான் இது தெரியும். அந்த முன்தகவலில் 40 பெட்டி என்று இருந்து லாரியில் 37 வந்தால், இறக்கும் இடத்தில் எண்ணாமல் அப்படியே வரவு வைத்துவிட்டால், இல்லாத மூன்று பெட்டி அன்றைக்கே இருப்பில் குடியேறிவிடும்.

இரண்டாவது, சராசரியில் வரும் மோசடி. வாரத்தில் நாலு நாள் நாளுக்கு 20 விற்று, மூன்று நாள் சரக்கே இல்லாமல் போனது என்று வையுங்கள். 80-ஐ ஏழால் வகுத்தால் 11 சொச்சம். சிஸ்டம் அதை நம்பிக் குறைத்து அனுப்பும். அடுத்த வாரம் இன்னும் சீக்கிரம் தீரும். சராசரி இன்னும் இறங்கும். நன்றாக ஓடிய சரக்கு இப்படியே இரண்டு மாதத்தில் ஓடாத சரக்கு பட்டியலுக்குப் போயிருக்கிறது. சரக்கு இல்லாத நாளை வகுக்கும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். 80-ஐ நாலால்தான் வகுக்க வேண்டும். நேர்மாறான மோசடியும் உண்டு. ஆஃபர் ஓடும்போது தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் வந்து 60 பாட்டில் அள்ளிக்கொண்டு போவார். ஏஜென்சி விலையைவிட அங்கே மலிவு. அதைக் குடும்பங்கள் வாங்கியதாக எண்ணினால் அடுத்த வாரம் கடை நிரம்பி வழியும். ஒரே பில்லில் 12-க்கு மேல் போனதைத் தனியாகப் பிரித்து வைப்பது நல்லது.

மூன்றாவது, அளவு. கடை பில்லிங்கில் பீஸ், டிஸ்ட்ரிபியூட்டரிடம் டஜன், கம்பெனியில் பெட்டி. ஒரு பெட்டிக்கு 48 என்று இருந்ததைக் கம்பெனி 36 ஆக மாற்றி, கடை சிஸ்டத்தின் சரக்குப் பட்டியலான ஐட்டம் மாஸ்டரில் யாரும் திருத்தாவிட்டால், வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் இல்லாத 12 பாட்டில் இருப்பில் சேரும். ஆஃபர் பேக் என்று அதே பார்கோடில் வேறு எம்.ஆர்.பி. போட்டு அனுப்பினால் இருப்பும் இரண்டாகப் பிரியும். கடை சிஸ்டத்தையும் கம்பெனி சிஸ்டத்தையும் இணைக்கும் வேலை தொடங்கும்போது மாஸ்டர் பட்டியலை ஒத்துப்பார்க்கவே பாதி நேரம் போகும். அதைச் சலிப்பான வேலை என்று கடைநிலை ஆளிடம் தள்ளிவிட்ட இடங்களில்தான் திட்டம் படுத்துவிடுகிறது.

ரோஸ் ஆறு, சந்தனம் பூஜ்யம்

பில்லிங் கவுன்ட்டரில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வாடிக்கையாளர் ஆறு சோப்பு வைக்கிறார். இரண்டு ரோஸ், இரண்டு சந்தனம், இரண்டு எலுமிச்சை. ஆறும் ஒரே விலை. பின்னால் ஏழு பேர் வரிசை. கவுன்ட்டர் பெண் ரோஸை ஒருமுறை ஸ்கேன் செய்து, ஆறு என்று தட்டிவிடுகிறார். பணம் சரி, வரி சரி, வாடிக்கையாளருக்கும் குறையில்லை. சிஸ்டத்தில் மட்டும் ரோஸ் நாலு கூடுதலாகக் குறைந்திருக்கிறது. சந்தனமும் எலுமிச்சையும் குறையவே இல்லை. ஒரு மாதம் இப்படிப் போனால் சந்தனம் அலமாரியில் தீர்ந்த பிறகும் சிஸ்டத்தில் 30 இருக்கும். 30 இருப்பதால் ஆர்டர் விழாது. ஆர்டர் விழாததால் சரக்கு வராது. வராததால் விற்காது. விற்காததால் எண் மாறாது. அந்த 30 அப்படியே பேயாக உட்கார்ந்திருக்கும். இன்னொரு பக்கம் ரோஸ் அலமாரி பிதுங்கி, மேல் தட்டுவரை ஏறியிருக்கும்.

இது ஏதோ நம் ஊர் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒரு பெரிய சங்கிலிக் கடையின் 37 கிளைகளில் கிட்டத்தட்ட 3,70,000 இருப்புப் பதிவுகளை நிக்கோல் டிஹொரேஷியஸ், அனந்த் ராமன் இருவரும் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். 65 சதவீதம் உண்மையான எண்ணிக்கையோடு ஒத்துப்போகவில்லை. இந்த எண்ணைத்தான் நாம் சப்ளையரோடு பகிரப்போகிறோம். தப்பான எண்ணைக் கடைக்குள் வைத்திருந்தால் சேதம் கடையோடு. பகிர்ந்தால் ஃபேக்டரி வரை.

மருந்து உண்டு. கழிவு, காலாவதி, கம்பெனியிடம் ஈடு கேட்கும் கிளெய்முக்கு ஒதுக்கியது எல்லாம் விற்கத்தக்க இருப்பிலிருந்து வெளியே போக வேண்டும். பில்லிங்கில் எண்ணிக்கை தட்டும் வசதியை வகைகள் உள்ள சரக்குகளுக்கு மூடிவிடலாம். வரிசை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட மலிவான மருந்து பூஜ்ய விற்பனைப் பட்டியல். இருப்பு உண்டு என்று சிஸ்டம் சொல்கிறது, ஆனால் சில நாளாக ஒன்றும் விற்கவில்லை. அப்படிப்பட்ட சரக்குகளைத் தினமும் காலையில் அச்சடித்து ஒரு பையனிடம் கொடுத்து அலமாரியைப் பார்த்து வரச் சொல்வது. எத்தனை நாள் என்பதில் கணக்கு வேண்டும். நாளுக்கு நாலு விற்கும் சரக்கு இரண்டு நாள் விற்காமல் இருப்பதே அபூர்வம்; உடனே போய்ப் பார்க்கலாம். நாளுக்கு ஒன்று விற்பது தற்செயலாகவே மூன்று நாள் விற்காமல் இருக்க நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு உண்டு. அதற்குப் பையனை விரட்டினால், அலமாரியில் ஒழுங்காக இருக்கும் அப்படிப்பட்ட இருபது சரக்கில் ஒன்றுக்கு வீண் நடை. ஏழு நாள் வைத்தால் வீண் நடை ஆயிரத்தில் ஒன்று. பட்டியல் 20 வரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 200 வரிப் பட்டியலை யாரும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க மாட்டார்கள். கல்லாப்பெட்டி அருகில் வைத்தே டிக் அடித்துவிடுவார்கள்.

அண்ணாச்சி எதற்குச் சொல்ல வேண்டும்

சங்கிலிக் கடைக்கு விற்பனைத் தரவைக் கொடுப்பதில் பேரம் பேச இடம் இருக்கிறது. கூடுதல் மார்ஜின், தட்டுப்பாட்டில் முன்னுரிமை, ஓடாத சரக்கைத் திரும்ப எடுக்கும் உறுதி என்று ஏதாவது கேட்டு வாங்கும். அப்போதும் ஆஃபர் தேதியை முன்கூட்டிச் சொல்லத் தயங்கும். ஆடி ஆஃபருக்கு என்ன விலை என்று ஆறு வாரம் முன்பே சொன்னால் ஃபேக்டரிக்கு நல்லதுதான். ஆனால் அதே சேல்ஸ் மேனேஜர் மறுநாள் எதிர்க்கடைக்கும் போவார். கம்பெனிக்கும் தயக்கம் உண்டு. எந்தச் சரக்கு எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பார்த்துக் கடை நாளைக்குத் தன் பெயரிலேயே அந்தச் சரக்கைப் போட்டு பக்கத்தில் அடுக்கும்.

மளிகைக் கடை அண்ணாச்சிக்கு இந்தப் பேரமும் இல்லை. அவர் என்ன விற்றார் என்று சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? அதிகம் விற்கிறார் என்று தெரிந்தால் டார்கெட்டை ஏற்றுவார்கள். இருப்பு இருக்கிறது என்று தெரிந்தால் பாக்கியைக் கேட்பார்கள். தட்டுப்பாட்டு நேரத்தில் கேட்டதில் பாதிதான் வரும் என்று அவருக்கு அனுபவம். அதனால் நாலு வேண்டுமென்றால் எட்டு கேட்பார். அப்படி எட்டு கேட்க வைப்பது கம்பெனியின் பங்கீட்டு முறை. கேட்டதைப் பார்த்துப் பங்கிடாமல், தட்டுப்பாட்டுக்கு முந்தைய எட்டு வாரம் அந்தக் கடை எடுத்ததைப் பார்த்துப் பங்கிட்டால் மறுமாதமே எட்டு நாலாகிவிடும். அவர் விற்பனையைச் சொல்லவே தேவையில்லை.

சில கம்பெனிகள் சேல்ஸ்மேனின் செல்போன் ஆப்பிலேயே ஒரு திரை வைத்திருக்கின்றன. ஆர்டர் போடும் முன் அலமாரி இருப்பை எண்ணி நிரப்ப வேண்டும். நிரப்பாமல் அடுத்த திரை வராது. ஒரு நாளைக்கு 40 கடை, கடைக்கு 35 ஐட்டம், வசூல் வேறு, வெயில் வேறு. அவர் எல்லா ஐட்டத்துக்கும் 1 என்று தட்டிவிட்டு ஆர்டர் திரைக்குப் போகிறார். தலைமை அலுவலகத்தில் தென் மாவட்டக் கடைகளில் சராசரி இருப்பு மிகக் குறைவு என்று வரைபடம் வரும். இன்னும் தள்ளு என்று உத்தரவு வரும். அந்த 35-ஐ 5 ஆக்கி, தினமும் வேறு 5 கேட்டு, எண்ணியதற்கு டார்கெட்டோடு சம்பந்தமில்லாமல் ஒரு கடைக்கு இரண்டு ரூபாய் வீதம் அவருக்குக் கொடுத்துப் பாருங்கள். அவர் குனிந்து, பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு எண்ணுவார்.